பிளேட்டின் வால் எங்கே முடிகிறது?

கராஜ் வாசலில்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: அண்ணை, ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு, போன வசந்தத்தில் போர்ட் பெரிக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் காணியோடு ஒரு வீடு வாங்கி வந்துவிட்டோம். டிரைவ்வே 60 மீற்றர் நீளம். றோட்டுப் பக்கம் கிரவல், வீட்டுப் பக்கம் தார். பழைய சொந்தக்காரர் தன் கார்டன் ட்ராக்டரையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு ஸ்னோ பிளேட் தேடினேன். ஒருவரிடம் 42 அங்குல பிளேட் இருக்கிறது. ட்ராக்டரின் மூக்கில் நான்கு போல்ட்டில் பூட்டுவது, 350 டொலர். இன்னொருவரிடம் 48 அங்குலம் இருக்கிறது. அதன் சட்டம் ட்ராக்டரின் வயிற்றுக்குக் கீழால் பின் அச்சு வரைக்கும் போகிறது, 800 டொலர் கேட்கிறார். வேலையிடத்து நண்பரோ “இரண்டும் வேண்டாம், பின்னால் கொளுவுகிற பிளேட்டை வாங்கு” என்கிறார். எல்லாம் பனியைத்தானே தள்ளப் போகின்றன? ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்?
ஒரு வாசகர், போர்ட் பெரி

பதில்: தம்பி, நீங்கள் அகலத்தையும் விலையையும் எழுதியிருக்கிறீர்கள். பிளேட் பார்க்கப் போனால் நான் முதலில் குனிந்து அதன் வாலைத்தான் பார்ப்பேன். பிளேட்டைத் தாங்கி வருகிற இரும்புச் சட்டம் ட்ராக்டரில் எந்த இடத்தில் போய் முடிகிறதோ, அதுதான் வால். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அதற்குத்தான்.

இது நான் காசு கொடுத்துப் படித்த பாடம். 1999 ஜனவரியில் இங்கே இருந்தவர்கள் அந்தப் பனியை மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் ரொறன்ரோவில் ஏறத்தாழ 118 சென்ரிமீற்றர் பனி விழுந்தது. மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். “ஆமி வருகுதாம்” என்றதும் எங்கள் கட்டடத்தில் பாதிப்பேருக்கு வயிற்றைக் கலக்கியது. வந்தவர்கள் கையில் சவலோடு நின்றதை டிவியில் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்போது எனக்குப் பகலில் ஒரு கராஜில் வேலை. விடியப்புறம் நாலைந்து வீட்டு டிரைவ்வே வழிக்கிற சில்லறைத் தொழிலும் இருந்தது. கையில் இருந்தது ஒரு பழைய புல்வெட்டும் ட்ராக்டர். அதன் மூக்கில், உங்கள் 350 டொலர் சாமானைப் போலவே, நான்கு போல்ட்டில் ஒரு பிளேட்.

முதல் வாரம் ராசா மாதிரி ஓடியது. இரண்டாம் வாரம் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. டயரில் காற்றுக் குறைவு என்று நினைத்து அடித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கை ஜாக்கில் தூக்கி, உறைந்து கிடந்த சேற்றைத் தட்டிவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். இடப்பக்கத்து முன் போல்ட் துவாரத்தின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு கோடு மேலே ஏறியிருந்தது. கோடு நெடுகத் தேயிலைச் சாயம் ஊறினதுபோலத் துரு. துவாரம் வட்டமாகவே இல்லை, முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தது. போல்ட்டை விரலால் பிடித்து ஆட்டினால் டக் டக் என்று அடித்தது. அதற்குப் பின்னால் பிரேம் தகடு மடிந்திருந்தது. முன் அச்சு தொங்குகிற இடமும் அதுதான். ஸ்டியரிங் ஏன் இழுத்தது என்று அப்போதுதான் விளங்கியது. விற்ற கடைக்குப் போனால், “ஸ்னோவை மெதுவாகத் தள்ள வேண்டும்” என்றார்கள். மெதுவாகத்தான் தள்ளினேன் என்றேன். இரண்டு பக்கத்திலும் பொய் இல்லை.

விஷயம் என்னவென்றால், தள்ளுகிற பலம் பின் சக்கரங்களில் பிறக்கிறது. மூக்கில் பூட்டிய பிளேட்டுக்கு அது போய்ச் சேர வேண்டுமானால், பின் அச்சிலிருந்து பிரேமின் முழு நீளத்தையும் கடந்து கடைசியில் அந்த நான்கு போல்ட் வழியாகத்தான் போக வேண்டும். பனி மட்டும் என்றால் பாதகமில்லை. ஆனால் டிரைவ்வேயில் பனிக்குக் கீழே எப்போதும் ஏதாவது கிடக்கும்: தார் வெடித்து எழும்பிய விளிம்பு, உறைந்துபோன கிரவல் திட்டு, கராஜ் வாசல் கொங்கிரீட்டின் ஓரம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களோடு சேர்த்து ட்ராக்டர் 450 கிலோ என்று வைப்போம். மணிக்கு 6 கிலோமீற்றர், அதாவது வேகமாக நடக்கிற அளவு. அது ஒரு விளிம்பில் முட்டி 2 சென்ரிமீற்றருக்குள் நின்றால், மோதுகிற பலம் சராசரியாக 3 தொன். அதைத்தான் 3 மில்லிமீற்றர் தகட்டிலுள்ள நான்கு துவாரங்கள் தாங்க வேண்டும்.

பிளேட்டின் முதுகில் இருக்கிற இரண்டு பெரிய ஸ்பிரிங் இதற்காகத்தான். விளிம்பில் முட்டியதும் பிளேட் முன்பக்கமாகக் குப்புற மடிந்து, தடையைத் தாண்டி, திரும்ப நிமிரும். 2 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டியது 15 சென்ரிமீற்றரில் நின்றால் 3 தொன் அரைத் தொன்னுக்கும் கீழே வந்துவிடும். ஸ்பிரிங்கைச் சிலர் “பிளேட் அடிக்கடி மடிகிறது” என்று கடைசி மரை வரைக்கும் முறுக்கி வைத்திருப்பார்கள். பழைய பிளேட் வாங்கும்போது அதைத் தொட்டுப் பாருங்கள். அசைவே இல்லாமல் இறுகிக் கிடந்தால், அந்த ட்ராக்டரின் பிரேம் வாங்கிய அடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இனி வயிற்றுக்குக் கீழால் போகிற நீளச் சட்டம். இது புதிய யோசனை இல்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961இல் கொண்டுவந்த கப் கடெட், இந்தியானாவிலிருந்து வந்த வீல் ஹோர்ஸ் போன்ற பழைய ட்ராக்டர்களின் பிளேட்டுகளைப் பார்த்தால், சட்டம் வயிற்றடியில் நீண்டு போய்க் கொளுவும். சில நடுவில், சில பின் அச்சுக்குக் கிட்ட. பலம் பிறக்கிற இடத்திலிருந்தே தள்ளுவதால் ட்ராக்டரின் மூக்கு சும்மா கூட வருகிறது, அவ்வளவுதான். முன் அச்சுக்கு நோவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் வீட்டில் கூட்டுகிறவர்களுக்கு உடனே விளங்கும். குட்டைக் கைபிடி போட்ட தும்புத்தடியால் கூட்டிப் பாருங்கள், தடி செங்குத்தாக நின்று நிலத்தில் குத்தும். நீளத் தடி என்றால் சாய்ந்து வழுக்கிக்கொண்டு போகும். பிளேட்டும் அப்படித்தான். மூக்கிலிருந்து ஒன்றரை அடிச் சட்டம் கீழே சரிந்து போனால், பாரம் ஏற ஏற அது பிளேட்டை நிலத்துக்குள் அமுக்கும், மூக்கை மேலே தூக்கும். மூக்கு எழும்பினால் ஸ்டியரிங் கேட்காது. நாலு அடிச் சட்டம் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். அதனால் பிளேட் நிலத்தை ஒட்டி மிதந்து போகும்.

சரி, நீளச் சட்டத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. முதலாவது, புல்வெட்டும் டெக்கைக் கழற்றாமல் பூட்ட முடியாது. இரண்டாவது, கொளுவுகிற இரண்டு இரும்பு முளைகளும் ட்ராக்டரின் அடியில் இருக்கும். நவம்பரில் கொங்கிரீட்டில் மல்லாந்து படுத்து, விறைத்த விரலால் துவாரத்தைத் தேடுகிற வேலை. (பழைய கம்பளி ஒன்றை விரித்துவிட்டுப் படுங்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.) மூன்றாவது, வயிறு தாழ்ந்துவிடும். ஆழப் பனியில் சட்டமே பனியில் ஏறிக் குந்திவிடும். நான்காவது குறைதான் உங்களுக்கு முக்கியம்: அந்தச் சட்டம் குறிப்பிட்ட மாடலுக்கென்றே செய்தது. ஒரே கம்பனியின் இரண்டு மாடலுக்குக்கூட ஒன்று மற்றதில் ஏறாமல் போகும். ஆகவே 800 டொலரை எடுத்துக்கொண்டு போகுமுன் உங்கள் ட்ராக்டரின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் அவருடைய ட்ராக்டரிலேயே பூட்டியிருக்கிற நிலையில் பாருங்கள். அந்த முளைகள் போகிற துவாரங்களில் நான் மேலே சொன்ன முட்டை வடிவம் இருக்கிறதா, கீழ் விளிம்பில் போல்ட்டில் பூட்டிய தேய்மானப் பட்டை எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பல பிளேட்டுகளில் அந்தப் பட்டையை ஒருமுறை திருப்பிப் போடலாம். முன்னமே திருப்பிவிட்டாரோ என்று கேளுங்கள், விலை பேச உதவும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. முன்னால் கொளுவும், ஆனால் கொளுவுகிற தகட்டிலிருந்து இரண்டு பக்கமும் தாங்கு சட்டங்கள் பின்னோக்கிப் போய்ப் பிரேமின் நடுவில் பூட்டப்பட்டிருக்கும். குபோட்டா பிஎக்ஸ் போன்ற சிறு ட்ராக்டர்களுக்கு வருகிற முன் ஹிட்ச் அந்த இனம். ஐந்து நிமிடத்தில் கொளுவலாம், கழற்றலாம், பிளேட்டும் நன்றாக உயரும். காசு இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. லோடர் கையில், அதாவது முன்னால் மண் அள்ளுகிற வாளியைத் தூக்கும் கையில், பிளேட் பூட்டுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். லோடர் கை தூக்குவதற்குச் செய்தது. பிளேட்டை ஒரு நுனி முன்னும் மற்றது பின்னுமாகச் சரித்து வைத்து ஒரு மூலை முட்டினால் கை முறுகிவிடும்.

உங்கள் நண்பர் சொன்ன பின் பிளேட் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. வன்னியில் மாஸி பெர்குசனின் பின்னால் கலப்பையையும் மட்டப் பலகையையும் கொளுவுகிற அதே மூன்று புள்ளிக் கொளுவல்தான் (கீழே இரண்டு கை, மேலே ஒன்று), அளவு மட்டும் சிறிது. ஹரி பெர்குசன் உருவாக்கிய அமைப்பு அது. 1953இல் அவருடைய கம்பனி ரொறன்ரோவின் மாஸி-ஹரிஸோடு சேர்ந்தது. 1958இலிருந்து பெயர் மாஸி பெர்குசன். டவுன்ரவுனில் கச்சேரி கேட்கப் போகிறோமே, மாஸி ஹோல், அதுவும் அந்தக் குடும்பம் 1894இல் கட்டிக் கொடுத்ததுதான். கிளிநொச்சியில் என் அப்பா கிறீஸ் பூசிய ட்ராக்டரின் பெயரை இங்கே கச்சேரி மண்டப வாசலில் பார்த்த அன்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

அது நிற்க. இழுக்கிற சாமானுக்குப் பிரேமில் நோவு குறைவு, அது உண்மை. கராஜ் கதவு வரைக்கும் பின்னுக்குப் போய், பிளேட்டை இறக்கி, பனியை வெளியே இழுத்துக்கொண்டு வரலாம். முன் பிளேட்டால் அதை இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது. ஆனால் பிளேட் பனியைத் தொடுமுன் உங்கள் நான்கு சக்கரமும் அதை மிதித்துவிடும். மிதிபட்ட பனி இறுகி இரண்டு தடமாக ஒட்டிக்கொள்ளும், மறுநாள் அது கண்ணாடி. 15 சென்ரிமீற்றருக்கு மேலே விழுந்தால் ட்ராக்டரே உள்ளே போகத் தயங்கும். கழுத்தையும் யோசியுங்கள். 60 மீற்றரை நாலு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் அடுத்த நாள் தலை ஒரு பக்கம்தான் திரும்பும். உங்கள் ட்ராக்டரில் மூன்று புள்ளிக் கொளுவல் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. கார்டன் ட்ராக்டர்கள் பலவற்றில் இருப்பதில்லை. இருந்தால் கீழ்க் கைகளில் கொளுவுகிற முளையின் தடிப்பை அளந்து பாருங்கள். எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 16 மில்லிமீற்றர் என்றால் பூச்சிய வகை. எட்டில் ஏழு அங்குலம் என்றால் முதலாம் வகை. ஒன்றின் பிளேட் மற்றதில் நேரே ஏறாது.

முடிவாக உங்கள் இடத்துக்கு வருவோம். 60 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் பனி: 36 கன மீற்றர். புதுப் பனி ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 100 கிலோ என்று பிடித்தால் ஒரு காலைக்கு 3.6 தொன். றோட்டு வாசலில் நகரசபை வண்டி தள்ளிவிட்டுப் போகிற வரம்பு தனி, அது இதைவிட மூன்று நாலு மடங்கு இறுக்கம். இந்த வேலைக்கு நான் 48 அங்குல நீளச் சட்டக்காரரிடம்தான் போவேன். அகலத்திலும் ஒரு காரணம் உண்டு. பிளேட்டை 30 பாகை சரித்தால் 42 அங்குலம் 36 அங்குலப் பாதைதான் வழிக்கும், 48 என்றால் 41 அங்குலத்துக்கு மேலே. உங்கள் பின் சக்கரங்களின் வெளி அகலத்தை அளந்து பாருங்கள், 40 அங்குலத்தை ஒட்டி இருக்கும். வழித்த பாதைக்குள் சக்கரம் அடங்காவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சக்கரம் பனிமேல் ஏறி நிற்கும். கிரவல் பகுதிக்கு, பிளேட்டின் கீழுள்ள இரண்டு சறுக்குத் தட்டுகளை இறக்கி, விளிம்பு நிலத்திலிருந்து ஒரு அங்குலம் எழும்பி நிற்கும்படி வையுங்கள். நிலம் உறையுமுன் வருகிற முதல் ஒன்றிரண்டு பனியை அங்கே வழிக்காமல் விட்டு மிதித்து இறுக்குங்கள். இல்லாவிட்டால் சித்திரை மாதம் முழுக்கப் புல்லுக்குள் கல் பொறுக்க வேண்டி வரும்.

கேள்வி: எங்களிடம் புல்வெட்டும் ட்ராக்டர் இருக்கிறது. அதற்கே பிளேட் போடலாமா? கடையில் போடலாம் என்கிறார்கள்.
ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: பின் சக்கரத்தின் நடுவிலிருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு தண்டும் அதன் நுனியில் ஒரு சிறு வளையக் கிளிப்பும் மட்டும் இருந்தால் அது புல்வெட்டத்தான். காரைப் போல ஐந்து போல்ட் இருந்தால் கார்டன் ட்ராக்டர். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற கடைசி எண்ணும் சொல்லும்: 8 என்றால் முந்தியது, 12 என்றால் பிந்தியது. கிளிப் வகையில் பிளேட் பூட்டலாம், பூட்டி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாறு சென்ரிமீற்றர் தூள் பனிக்குத் தாங்கும். பாரம் தள்ளுகிற வேலைக்கு அதன் கியர்ப் பெட்டி செய்யப்படவில்லை. எண்ணெய் சூடேறி, ஒருநாள் மிதித்தாலும் நகராமல் நிற்கும். மார்க்கம் டிரைவ்வேக்கு இரண்டு கார் இடம்தானே? ஒரு நல்ல ஸ்னோ புளோவர் வாங்குங்கள். புல்வெட்டி கோடைக்கு இருக்கட்டும்.

கேள்வி: இவர் இரவு வேலை, விடிய நான்தான் ட்ராக்டரை எடுக்கிறேன். பிளேட் நேராக இருந்தால் சரி. சரித்து வைத்தால் ட்ராக்டரின் மூக்கு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது, பின் சக்கரம் சுற்றுகிறது. பிளேட் பூட்டிய விதம் பிழையா?
ஒரு வாசகி, பாரி

பதில்: இல்லைப் பிள்ளை, இதில் பூட்டிய விதத்துக்குப் பங்கில்லை. சரித்த பிளேட் பனியை ஒரு பக்கம் தள்ளும்போது பனியும் உங்களை மற்றப் பக்கம் தள்ளும். எங்கே பூட்டினாலும் அது மாறாது. பிடிமானம்தான் குறை. பின் சக்கரத்துக்குச் சங்கிலி போடுங்கள். குறுக்குக் கண்ணிகள் நெருக்கமாக இருக்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் 50 இறாத்தல் வார்ப்பிரும்பு எடை பூட்டலாம். டயருக்குள் திரவம் நிரப்புகிறவர்களும் உண்டு. முன்பெல்லாம் கல்சியம் குளோரைட் நிரப்புவார்கள். வால்வடியில் கசிந்தால் றிம்மைத் தின்றுவிடும். உப்புப் பிடித்து உதிர்ந்த றிம் இரண்டை இப்போதும் கராஜில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட. அதற்குப் பதில் கார்க் கண்ணாடி கழுவுகிற −40 திரவத்தை நிரப்புங்கள். எடை குறைவுதான், ஆனால் துரு இல்லை.

சீட்டுக்குப் பின்னால் மட்டும் மூட்டை மூட்டையாக மண் கட்டி ஏற்றாதீர்கள். பின் அச்சுக்கு அப்பால் ஏறுகிற பாரம் மூக்கைத் தூக்கும், ஸ்டியரிங் இன்னும் மோசமாகும். முன் டயர் வழுவழுப்பாக இருந்தால் நீளவரி போட்ட டயர் மாற்றினால் நிறைய வித்தியாசம் தெரியும். அதுவரைக்கும் முழு அகலத்துக்கும் பனியை அள்ளாமல், பாதிப் பிளேட் அளவுக்குக் கடித்துக் கடித்துப் போங்கள். உங்கள் பக்கத்தில் ஹூரன் ஏரிப் பனி வந்தால் நிற்காமல் கொட்டும். முழுவதும் விழட்டும் என்று காத்திராமல் இடையில் ஒருமுறை வழித்துவிடுவது இலகு.

கேள்வி: டிரைவ்வே பனியை ஒரே ஓட்டமாக றோட்டைக் கடந்து எதிர்ப்பக்கக் கானுக்குள் தள்ளிவிடுகிறேன். அங்கே வீடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அது சட்டப்படி பிழை என்கிறார்.
ஒரு வாசகர், ஸ்டோவில்

பதில்: அவர் சொல்வது சரி. ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு, எழுத்தில் அனுமதி இல்லாமல் றோட்டில் பனியையோ ஐஸையோ போடக்கூடாது என்கிறது. “நான் றோட்டில் போடவில்லையே, கடந்துதானே போகிறேன்” என்பீர்கள். பிளேட் கடக்கும்போது இரண்டு நுனியிலும் ஒரு வரம்பு சிந்தும், இரவில் அது உறையும். பின்னால் வருகிற காருக்கு அது தெரியாது. உங்கள் காணிக்குள்ளேயே காற்று வருகிற பக்கத்தை விட்டு மற்றப் பக்கம் குவியுங்கள். முதல் பனி விழுகிற அன்றே, தேவைக்கு மேலே இரண்டு மீற்றர் தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள். டிசம்பரில் விட்ட இடத்திலேயே குவியல் கல்லாக உறைந்து நிற்கும், பெப்ரவரியில் அதை எந்த பிளேட்டாலும் பின்னுக்குத் தள்ள முடியாது.